டிஐசி லோன்: தருமபுரி, கிருஷ்ணகிரியில் மாவட்டத் தொழில் மையத்தின் சேவை எப்படி?

தொழில் தொடங்க அரசு மானியத்தோடு கிடைக்கும் வங்கிக் கடனுக்குத் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ‘டிஐசி லோன்’ என்றுதான் பெயர். பெயரிலேயே ஒரு தப்பு இருக்கிறது. டிஐசி, அதாவது மாவட்டத் தொழில் மையம், யாருக்கும் கடன் கொடுப்பதில்லை. விண்ணப்பத்தைப் பார்க்கும், சரி செய்யச் சொல்லும், வங்கிக்கு அனுப்பும், கடைசியில் மானியத்துக்கு வழி செய்யும். கடன் தருவதா வேண்டாமா என்று முடிவெடுப்பது வங்கி மேனேஜர். இந்த ஒன்று புரியாமல் மையத்துக்கும் வீட்டுக்கும் நடையாய் நடக்கிறவர்கள் இரண்டு மாவட்டத்திலும் ஏராளம்.

முதலில் மதிப்பெண். எந்தத் திட்டம் யாருக்குப் பொருந்தும் என்று வழிகாட்டும் சேவைக்கு ஐந்துக்கு நான்கு தரலாம். விண்ணப்பம், பயிற்சி எல்லாம் இணையத்துக்கு வந்துவிட்டதால் அதற்கு மூன்றரை. விண்ணப்பம் வங்கிக்குப் போன பிறகு நடப்பதற்கு இரண்டுதான். மானியத் தொகை தாராளம். ஆனால் அது கைக்கு வரும் விதத்தை யாரும் முன்கூட்டிப் பொறுமையாக விளக்குவதில்லை. அங்கேதான் பலருக்கு ஏமாற்றம்.

எந்தக் கவுண்டரில் நிற்பது?

திட்டங்களின் பெயர்கள் நீளம். வேறுபாடுகள் எளிது. தொழில் எது, முதலீடு எவ்வளவு, தொழில் நடக்கும் இடம் ஊராட்சியா நகராட்சியா, விண்ணப்பிப்பவர் எந்தப் பிரிவு. இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால் பத்து நிமிடத்தில் விடை கிடைக்கும்.

பிஎம்இஜிபி (பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம்) மத்திய அரசுத் திட்டம், 2008 முதல் நடக்கிறது. உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம் ரூபாய் வரை, சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் வரை திட்ட மதிப்பு. பொதுப் பிரிவினர் நகர்ப்புறத்தில் தொடங்கினால் 15 சதவீத மானியம், கிராமப்புறத்தில் 25. பெண்கள், பட்டியலினத்தவர், பழங்குடியினர், இதர பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர், முன்னாள் படைவீரர், மாற்றுத்திறனாளிகள், திருநங்கையர் ஆகியோருக்கு நகர்ப்புறத்தில் 25, கிராமப்புறத்தில் 35. திட்ட மதிப்பில் நீங்கள் போட வேண்டிய கைப்பணம் பொதுப் பிரிவுக்குப் பத்து சதவீதம், மற்றவர்களுக்கு ஐந்து. 18 வயது முடிந்திருந்தால் போதும், மேல் வரம்பு கிடையாது. வருமான வரம்பும் கிடையாது. உற்பத்தியில் 10 லட்சத்துக்கு மேலும், சேவையில் 5 லட்சத்துக்கு மேலும் போனால்தான் எட்டாம் வகுப்புச் சான்று கேட்பார்கள்.

யூஒய்இஜிபி (வேலையில்லா இளைஞர்களுக்கான வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம்) மாநில அரசுடையது. உற்பத்திக்கு 15 லட்சம் வரை, சேவைக்கும் வியாபாரத்துக்கும் 5 லட்சம் வரை. ஊர் எதுவானாலும் மானியம் 25 சதவீதம், அதிகபட்சம் 3.75 லட்சம். குடும்ப ஆண்டு வருமானம் 5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். வயது பொதுப் பிரிவுக்கு 45, சிறப்புப் பிரிவுக்கு 55 வரை.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பென்னாகரம் ஒன்றியத்தில் ஓர் ஊராட்சியில் ஒரு பெண் 10 லட்ச ரூபாயில் ராகி, சாமை மாவும் சேமியாவும் செய்யும் யூனிட் போடுகிறார். பிஎம்இஜிபியில் மானியம் 3.5 லட்சம், யூஒய்இஜிபியில் 2.5 லட்சம். யோசிக்கவே வேண்டாம், மத்திய அரசுத் திட்டம்தான். அதே 10 லட்சத்தில் தருமபுரி நகராட்சிக்குள் பொதுப் பிரிவு இளைஞர் ஒருவர் ஃபேப்ரிகேஷன் பட்டறை வைக்கிறார் என்றால் கணக்கு தலைகீழ். பிஎம்இஜிபியில் 1.5 லட்சம், யூஒய்இஜிபியில் 2.5 லட்சம். பக்கத்து வீட்டுக்காரர் எதில் வாங்கினார் என்று விசாரித்து அதிலேயே போடுவது இங்கே சகஜம். ஒரு லட்ச ரூபாய் அப்படித்தான் நழுவுகிறது.

கிராமமா நகரமா என்பதில் ஒரு சிக்கல் உண்டு. கிராம ஊராட்சி என்றால் சந்தேகமில்லை, கிராமப்புறம். ஓசூர் மாநகராட்சி, கிருஷ்ணகிரி நகராட்சி என்றால் நகர்ப்புறம். பாலக்கோடு, காவேரிப்பட்டினம், பர்கூர் போன்ற பேரூராட்சிகளில் மட்டும் விண்ணப்பிக்கும் முன்பே மையத்தில் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். பத்து சதவீத வித்தியாசம் சின்னதல்ல. பார்ப்பது தொழில் நடக்கும் இடத்தை, உங்கள் வீட்டு முகவரியை அல்ல. வீடு நகராட்சியில் இருந்து, ஷெட் இரண்டு கிலோமீட்டர் தள்ளி ஊராட்சி எல்லைக்குள் இருந்தால் கிராமப்புற விகிதம் கேட்கலாம். வாடகை ஒப்பந்தத்தில் ஊராட்சியின் பெயரும் சர்வே எண்ணும் தெளிவாக இருக்க வேண்டும்.

இதர பிற்படுத்தப்பட்டோர் சலுகை கேட்பவர்களுக்கு இன்னொரு குறிப்பு. மாநிலத்தின் பிசி, எம்பிசி பட்டியல் வேறு, மத்திய அரசின் ஓபிசி பட்டியல் வேறு. பெரும்பாலான சாதிகள் இரண்டிலும் இருக்கின்றன, எல்லாமும் இல்லை. மத்திய அரசுத் திட்டத்துக்கு ஓபிசி சான்றிதழ்தான் எடுபடும். பழைய சமுதாயச் சான்றை ஏற்றிவிட்டு, திருப்பி அனுப்பிய பிறகு இ-சேவை மையத்துக்கு ஓடினால் மூன்று வாரம் போய்விடும்.

துணிக்கடை, மளிகைக் கடை என்று வாங்கி விற்கும் வியாபாரத்துக்கு யூஒய்இஜிபிதான் நேரான வழி. 5 லட்சத்துக்கு 1.25 லட்சம் மானியம். பர்கூரில் மொத்த விலையில் துணி எடுத்து ஊரில் சில்லறைக்கு விற்க நினைப்பவர்களுக்கு அளவான திட்டம். பிஎம்இஜிபியில் வியாபாரத்துக்கான வாசல் மிகக் குறுகியது. பயிர்ச் சாகுபடிக்கு இரண்டிலுமே இடமில்லை.

பெரிய திட்டங்கள்

ஓசூர்ப் பக்கம் ஜாப் வொர்க் (பெரிய கம்பெனிகளுக்குப் பாகங்கள் செய்து தரும் வேலை) எடுத்து இன்ஜினியரிங் யூனிட் போடுகிறவர்களுக்கு மேலே சொன்னவை பத்தாது. விஎம்சி என்ற கணினிக் கட்டுப்பாட்டு இயந்திரம் ஒன்று வாங்கினாலே பிஎம்இஜிபி வரம்பில் பாதி கரைந்துவிடும். அவர்களுக்கு நீட்ஸ் (புதிய தொழில்முனைவோர் மற்றும் தொழில் நிறுவன மேம்பாட்டுத் திட்டம்). 2012-13 முதல் உள்ள மாநிலத் திட்டம். 10 லட்சத்துக்கு மேல் 5 கோடி வரை, மானியம் 25 சதவீதம், உச்சம் 75 லட்சம். கூடவே மூன்று சதவீத வட்டி மானியம். முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கு மட்டும். பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருக்க வேண்டும். வியாபாரத்துக்குக் கிடையாது. சொத்து ஜாமீன் கேள்வி இங்கே கட்டாயம் வரும். கடன் வங்கியிலும் வாங்கலாம், ‘டிக்’ எனப்படும் தமிழ்நாடு தொழில் முதலீட்டுக் கழகத்திலும் வாங்கலாம். இயந்திரக் கடனில் பழகிய நிறுவனம் என்பதால் ஓசூர் வட்டாரத்தில் பலருக்கும் டிக் கதவுதான் முதலில் நினைவுக்கு வரும்.

பட்டியலினத்தவர், பழங்குடியினருக்கு 2023-24இல் வந்த அண்ணல் அம்பேத்கர் பிசினஸ் சாம்பியன்ஸ் திட்டம் இந்த வரிசையில் எல்லாவற்றையும் விட வலுவானது. 35 சதவீத மூலதன மானியம், 1.5 கோடி வரை. ஆறு சதவீத வட்டி மானியம் தனி. புதுத் தொழிலுக்கும் உண்டு, நடக்கிற தொழிலை விரிவாக்கவும் உண்டு. அரூர் வட்டாரத்திலும் சித்தேரி மலைப் பகுதியிலும் பழங்குடியினர் தொகை கணிசம். அங்கே இதைப் பற்றிய பேச்சு எட்டியது போதாது. மலையிலிருந்து தருமபுரிக்கு வந்து போக ஒரு நாள் கூலி போய்விடும் என்பது திட்டம் போட்டவர்களுக்குத் தோன்றியிருக்காது.

உணவுப் பொருள் பதப்படுத்துபவர்களுக்கு 2020இல் வந்த பிஎம்எஃப்எம்இ என்ற மத்திய அரசுத் திட்டம். 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம், கைப்பணம் பத்து சதவீதம். மாங்காய் ஊறுகாய், புளி கொட்டை எடுத்து அமுக்கி அச்சாக்குதல், சிறுதானிய மாவு, செக்கு எண்ணெய் எல்லாம் இதில் வரும். ஏற்கெனவே வீட்டிலேயே செய்துகொண்டிருப்பவர்கள் பிஎம்இஜிபிக்குத் தகுதியில்லை, அது புதுத் தொழிலுக்கு மட்டும். இதில் அவர்களுக்கும் இடமுண்டு. சுய உதவிக் குழுவில் உறுப்பினர் ஒருவருக்கு 40,000 ரூபாய் வரை தொடக்க மூலதனமும் இத்திட்டத்தில் உண்டு.

தையல், மரவேலை, மண்பாண்டம் போன்ற 25 கைவினைத் தொழில்களுக்கு 2025 ஏப்ரலில் தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டம். 3 லட்சம் வரை கடன், 25 சதவீத மானியம், ஆனால் உச்சம் 50,000 ரூபாய், ஐந்து சதவீத வட்டி மானியம். 35 வயது நிரம்பியிருக்க வேண்டும். சின்னத் தொகைதான். தையல்காரர் இரண்டு பவர் மெஷின் வாங்க இது போதும்.

முத்ரா கடனையும் மானியக் கடனையும் போட்டுக் குழப்பாதீர்கள். முத்ராவில் மானியம் கிடையாது. தொழில் மையம் வழியாகப் போகவும் தேவையில்லை.

மானியம் கையில் கிடைக்காது

இதைப் புரிந்துகொள்ளாமல் கையெழுத்துப் போடக் கூடாது. ராகி சேமியா யூனிட் கணக்கையே எடுத்துக்கொள்வோம். திட்ட மதிப்பு 10 லட்சம். கைப்பணம் ஐந்து சதவீதம், 50,000. வங்கி 9.5 லட்சம் கடன் போடும். மானியம் 3.5 லட்சம் அரசிடமிருந்து வரும், ஆனால் உங்கள் சேமிப்புக் கணக்கில் அல்ல. உங்கள் பெயரில் வங்கியிலேயே வைப்பாக மூன்று ஆண்டு பூட்டி வைப்பார்கள். அந்த வைப்புக்கு வட்டி கிடையாது. கடனில் அதே அளவு தொகைக்கு வங்கியும் வட்டி போடக் கூடாது. ஆக, வட்டி ஓடுவது 6 லட்சத்துக்கு மட்டும். 11 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் முதல் மாத வட்டி 5,500 ரூபாய். அசல் 6 லட்சத்தை 60 மாதத்தில் கட்டினால் மாதம் 10,000. ஆரம்ப மாதங்களில் பதினைந்தாயிரத்து ஐந்நூறு புரள வேண்டும்.

இங்கே நடக்கும் கோளாறு என்ன? மானியம் வந்து சேர்ந்த பிறகும் சில இடங்களில் முழுக் கடனுக்கும் வட்டி ஓடிக்கொண்டிருக்கும். கணினியில் மானியக் கணக்கைக் கடன் கணக்கோடு இணைக்காமல் விட்டதுதான் காரணம். மானியம் வந்த தேதியைக் கேட்டு, வைப்பு ரசீதின் நகலை வாங்கி வையுங்கள். அதற்கு அடுத்த மாத ஸ்டேட்மென்டில் வட்டி குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். 3.5 லட்சத்துக்கு 11 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 38,500 ரூபாய். விட்டுவிடும் தொகையா அது?

மூன்று ஆண்டுக்குள் தவணை தவறிக் கணக்கு வாராக்கடன் ஆனாலோ, தொழிலை மூடினாலோ அந்த வைப்பு உங்களுக்கு இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். சீக்கிரம் கட்டி முடித்தாலும் மூன்று ஆண்டுப் பூட்டு திறக்காது.

ப்ராஜெக்ட் ரிப்போர்ட்: விண்ணப்பம் விழும் இடம்

பேருந்து நிலையத்துக்கு எதிரில் ஏதோ ஒரு கடையில் 1,500 ரூபாய் கொடுத்து வாங்கும் ரிப்போர்ட்டை மேனேஜர் இரண்டாம் பக்கத்திலேயே கண்டுபிடித்துவிடுவார். மேட்டுப்பாளையத்துக்கு எழுதிய அதே தாளில் ஊர்ப் பெயரை மட்டும் மாற்றியிருப்பார்கள். மின் கட்டணம், கூலி, மூலப்பொருள் விலை எதுவும் நம்ம ஊரோடு ஒட்டாது.

நல்ல ரிப்போர்ட்டில் இருக்க வேண்டியது: ஒரு நாளைக்கு எத்தனை கிலோ அரைப்பீர்கள், அந்த ராகி எந்தச் சந்தையில் என்ன விலைக்குக் கிடைக்கிறது, அரைத்ததில் சேதாரம் எவ்வளவு, பாக்கெட் உறை ஒன்றுக்கு என்ன செலவு, யாருக்கு என்ன விலைக்கு விற்பீர்கள். வாங்கும் கடைக்காரர் இரண்டு மூன்று பேரிடம் ‘இந்த அளவு எடுத்துக்கொள்கிறோம்’ என்று கடிதம் வாங்கி இணைத்தால் அதற்குத் தனி மதிப்பு. முதல் ஆண்டே நூறு சதவீத உற்பத்தி என்று எழுதாதீர்கள். 60, 70, 80 என்று ஏறுவது போல எழுதினால்தான் நம்பிக்கை வரும்.

திட்ட மதிப்பில் நிலத்தின் விலை சேராது. கட்டடம் சேரும், வாடகை ஷெட் என்றால் மூன்று ஆண்டு வாடகை வரை சேர்க்கலாம். நடைமுறை மூலதனம் (மூலப்பொருள், கூலி போன்ற அன்றாடச் செலவுக்கான பணம்) உற்பத்தித் தொழிலில் 40 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. நடைமுறை மூலதனத்தை ஊதிப் பெருக்கிக் காட்டினால் பிற்பாடு மாட்டிக்கொள்வீர்கள். பூட்டுக் காலமான மூன்று ஆண்டுக்குள் ஒரு முறையாவது, நடைமுறை மூலதனத்துக்கு வங்கி தரும் கேஷ் கிரெடிட் வரம்பை முழுதாக எடுத்திருக்க வேண்டும், சராசரியாக முக்கால் பங்காவது பயன்படுத்தியிருக்க வேண்டும். இல்லையென்றால் பயன்படுத்தாத பங்குக்கான மானியம் திரும்பிப் போய்விடும். மானியம் அதிகம் கிடைக்கும் என்று மூன்று லட்சம் கேஷ் கிரெடிட் காட்டிவிட்டு ஒரு லட்சத்திலேயே தொழிலை ஓட்டுபவர்கள் இதில்தான் அடிபடுகிறார்கள்.

கொட்டேஷனில் ஜிஎஸ்டி சேர்ந்த மொத்தத் தொகையைப் போடுங்கள். பெரும்பாலான இயந்திரங்களுக்கு 18 சதவீதம் வரி. 4 லட்ச ரூபாய் மெஷினுக்கு 72,000 ரூபாய் வரி தனியாக வந்து நிற்கும்போது கைப்பணத்தில் அது இருக்காது. ஏற்றி இறக்கும் செலவு, ஃபவுண்டேஷன், மூன்று முனை மின் இணைப்புக்கான டெபாசிட் இதெல்லாமும் விடுபடும் இனங்கள். கொட்டேஷன் தரும் நிறுவனம் உண்மையில் இருக்கிறதா, கோவையிலோ சேலத்திலோ நேரில் போய் மெஷின் ஓடுவதைப் பாருங்கள். வங்கி பணத்தை நேரே அவர்கள் கணக்குக்குத்தான் அனுப்பும். அனுப்பிய பிறகு சப்ளையரை மாற்றுவது கிணற்றில் விழுந்த சாவியைத் தேடுவது போல.

இன்னொன்று: வங்கி ஒப்புதலுக்கு முன்னால் மெஷினை வாங்கிப் போட்டுவிடாதீர்கள். ‘எப்படியும் வரப்போகிறதே’ என்று கடன் வாங்கி மெஷின் இறக்கியவர்களின் பில் தேதி ஒப்புதல் தேதிக்கு முந்தி இருக்கும். ஏற்கெனவே நடக்கும் தொழில் என்று பிஎம்இஜிபியில் தள்ளிவிடுவார்கள்.

வங்கி வாசலில்

பிஎம்இஜிபியில் முன்பு ஆட்சியர் தலைமையிலான குழு நேர்காணல் நடத்தும். 2020இல் அதை எடுத்துவிட்டார்கள். மையம் சரிபார்த்து நேராக வங்கிக்கு அனுப்புகிறது. ஒரு படி குறைந்தது நல்லதுதான். குழுவின் பரிந்துரை என்று மேசையில் வைக்க இருந்த ஒரு தாளும் கூடவே போய்விட்டது.

வங்கி முதலில் பார்ப்பது சிபில், அதாவது உங்கள் பழைய கடன்களின் வரலாறும் அதற்கான மதிப்பெண்ணும். இரண்டு மாவட்டத்திலும் விண்ணப்பம் தடைபடும் முக்கியக் காரணங்கள் மூன்று: மறந்துபோன பைக் லோன் தவணை, மகளிர் குழுக் கடனில் இன்னொரு உறுப்பினர் கட்டாதது, யாருக்கோ போட்ட ஜாமீன் கையெழுத்து. விண்ணப்பிக்க மூன்று மாதம் முன்பே உங்கள் கிரெடிட் ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். ஆண்டுக்கு ஒரு முறை இலவசமாகக் கிடைக்கும். கட்டி முடித்த கடன் ‘நிலுவை’ என்று காட்டினால் அந்த நிறுவனத்திடம் நிலுவையின்மைச் சான்று வாங்கித் திருத்தச் சொல்லுங்கள். திருத்தம் ஏற ஒரு மாதம் பிடிக்கும்.

சொத்து ஜாமீன்: குறு, சிறு தொழில்களுக்கு ஒரு வரம்பு வரை ஜாமீன் கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் கட்டளை. அதற்கு மேலும் சிஜிடிஎம்எஸ்இ என்ற கடன் உத்தரவாத நிதி இருக்கிறது, ஆண்டுக்கு ஒரு சிறு கட்டணம் கட்ட வேண்டும். ‘பத்திரம் கொண்டு வாங்க’ என்று கேட்டால் சண்டை போட வேண்டாம். ‘சிஜிடிஎம்எஸ்இ-யில் போடலாமா சார்’ என்று கேளுங்கள். விஷயம் தெரிந்தவர் என்று புரிந்தால் பேச்சின் தோரணையே மாறும்.

25 லட்சம் வரையிலான விண்ணப்பத்துக்கு 14 வேலை நாளில் முடிவு சொல்ல வேண்டும் என்பதும் ரிசர்வ் வங்கி விதிதான். நடப்பில் அது நீளும். மார்ச் மாதம் வேறு, இலக்கு முடிக்கும் அவசரத்தில் சில இடங்களில் வேகமாக நடக்கும், சில இடங்களில் ‘ஏப்ரலில் பார்ப்போம்’ என்பார்கள். ஜூன், ஜூலையில் போடுவது உத்தமம். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வாய்ச்சொல்லை வைத்துக்கொண்டு எங்கும் முறையிட முடியாது. எழுத்து கையில் இருந்தால், மாவட்டத்தின் வங்கிகளை ஒருங்கிணைக்கும் முன்னோடி வங்கியின் மேலாளரிடம் போகலாம். இரண்டு மாவட்டத்துக்கும் முன்னோடி வங்கி இந்தியன் வங்கி. திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்திலும் மனு கொடுக்கலாம். மனுவில் விண்ணப்ப எண், தேதி, கிளை, சொன்ன காரணம் நான்கும் இருந்தால் போதும், நீண்ட கதை வேண்டாம்.

கணக்கு வைத்திருக்கும் கிளையையே தேர்ந்தெடுங்கள். ஆறு மாதம் வரவு செலவு தெரிந்த வாடிக்கையாளருக்கும், அன்று முதல் முறை உள்ளே வருபவருக்கும் மேனேஜர் காட்டும் முகம் ஒன்றாக இருக்காது. கிளையில் முன்பே பேசி, இந்தத் தொழிலுக்குச் செய்யத் தயாரா என்று கேட்டுவிட்டு விண்ணப்பத்தில் அந்தக் கிளையைக் குறிப்பிடுவது பாதி வேலை முடிந்த மாதிரி.

மாம்பழத் தொழிலுக்குத் தனியாக ஒன்று. கிருஷ்ணகிரியில் பெங்களூரா காய் வரத்து மே முதல் மூன்று மாதம்தான். அந்த மூன்று மாதத்தில் பணம் முழுக்க உள்ளே போகும், திரும்பி வர தீபாவளி தாண்டும். மாதத் தவணை என்று கையெழுத்துப் போட்டால் ஆகஸ்டிலேயே மூச்சு முட்டும். தவணை விடுப்புக் காலத்தையும், விற்பனைக்கு ஏற்ற காலாண்டு அல்லது அரையாண்டுத் தவணையையும் ஒப்புதலுக்கு முன்னாலேயே கேட்க வேண்டும். ஒப்புதல் கடிதம் வந்த பிறகு மாற்றுவது கடினம்.

பயிற்சி, பெயர்ப்பலகை, புரோக்கர்

ஒப்புதல் வந்ததும் தொழில்முனைவோர் பயிற்சி. திட்ட மதிப்பு 5 லட்சத்துக்கு மேல் என்றால் பத்து நாள், அதற்குக் கீழே ஐந்து நாள், 2 லட்சத்துக்குள் என்றால் தேவையில்லை. இணையத்திலும் முடிக்கலாம். இந்தியன் வங்கியின் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்கள் இரண்டு மாவட்டத்திலும் இருக்கின்றன. கணக்கு எழுதவே தெரியாதவர்களுக்கு நேரில் போவது மேல். பயிற்சிச் சான்று ஏறாமல் மானியக் கோரிக்கை நகராது. பணம் எல்லாம் வந்தும் மானியம் மட்டும் வரவில்லை என்று புலம்புபவர்களில் பலர் இந்தச் சான்றைப் பதிவேற்றாதவர்கள்.

பிறகு நேரடி ஆய்வு வரும். மெஷின் இருக்கிறதா, ஓடுகிறதா, எந்தத் திட்டத்தில் உதவி பெற்றது என்று பெயர்ப்பலகை இருக்கிறதா என்று பார்ப்பார்கள். மெஷினை வேறு இடத்துக்கு மாற்றியிருந்தால் முன்பே எழுத்தில் தெரிவித்திருக்க வேண்டும்.

புரோக்கர்கள் பற்றி ஒரு வார்த்தை. விண்ணப்பத்துக்குக் கட்டணம் எதுவும் கிடையாது. குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான உத்யம் பதிவும் இலவசம்தான், ஆதாரும் பான் எண்ணும் போதும். தேடினால் முதலில் வரும் தனியார் தளங்கள் 1,500, 2,500 என்று வாங்கிக்கொண்டு அதே சான்றிதழைத் தரும். அரசு முகவரியில் முடியும் தளமா என்று பார்த்துவிட்டு உள்ளே போங்கள். ‘சப்சிடியில் இத்தனை சதவீதம் எனக்கு’ என்று பேசுபவரிடம் ஆதார் நகலைக்கூடக் கொடுக்காதீர்கள்.

கேட்காமல் விட்டுவிடும் சலுகைகள்

கடன் வாங்கியதோடு மையத்தின் பக்கமே திரும்பாதவர்கள்தான் அதிகம். குறு உற்பத்தி நிறுவனங்களுக்குத் தாழ்வழுத்த மின் கட்டணத்தில் 20 சதவீதம் 36 மாதத்துக்குத் திருப்பித் தரும் மாநிலத் திட்டம் இருக்கிறது. மாதம் 12,000 ரூபாய் கட்டணம் என்றால் 2,400 ரூபாய், மூன்று ஆண்டில் 86,400. அதற்கு இணைப்பு தொழில் கட்டண வகையில் இருக்க வேண்டும், வீட்டு இணைப்பிலோ கடை இணைப்பிலோ மெஷின் ஓட்டினால் கிடைக்காது, அபராதம் வேண்டுமானால் கிடைக்கும். எந்தத் திட்டத்திலும் சேராமல் சொந்தமாக மெஷின் வாங்கிய குறு உற்பத்தி நிறுவனம் என்றால் இயந்திர மதிப்பில் 25 சதவீத மூலதன மானியத்துக்கு விண்ணப்பிக்கலாம். ஒரே மெஷினுக்கு இரண்டு மூலதன மானியம் மட்டும் கிடையாது. இரண்டுக்கும் காலக்கெடு உண்டு. உற்பத்தி தொடங்கிய அந்த மாதமே கேட்டு வையுங்கள்.

ஓசூர் ஜாப் வொர்க்காரர்களுக்கு உத்யம் எண் இன்னொரு விதத்தில் ஆயுதம். 2006ஆம் ஆண்டு எம்எஸ்எம்இ சட்டப்படி பெரிய கம்பெனி அதிகபட்சம் 45 நாளில் பில் தொகையைத் தர வேண்டும். தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் ‘பேங்க் ரேட்’டைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. வழக்குப் போட்டால் அடுத்த ஆர்டர் போய்விடும் என்ற பயம் நியாயமானதுதான். ஆனால் பில்லின் தலையில் உத்யம் எண்ணை அச்சிடுவதற்குச் செலவே இல்லை. குறு, சிறு நிறுவனங்களுக்குக் கெடு தாண்டி வைத்திருக்கும் பாக்கியைப் பணம் கொடுத்த ஆண்டில்தான் செலவாகக் காட்ட முடியும் என்று வருமான வரியிலும் விதி வந்துவிட்டதால், அந்த எண்ணைப் பார்த்ததும் கம்பெனியின் கணக்குப் பிரிவு தானே வேகம் பிடிக்கும்.

மூன்று ஆண்டு முடியும் தேதியை நாள்காட்டியில் குறித்து வையுங்கள். ஆய்வு முடிந்ததா என்று மையத்தில் கேட்டு, மானியத்தைக் கடனில் வரவு வைக்கச் சொல்லி வங்கிக்கு எழுத்தில் கொடுங்கள். தானாக நடந்துவிடும் என்று ஐந்தாம் ஆண்டு வரை இருந்தவர்களும் உண்டு. முதல் கடனை ஒழுங்காகக் கட்டி, தொழில் லாபத்தில் நடந்தால் பிஎம்இஜிபியிலேயே இரண்டாவது கடன் கேட்கலாம். உற்பத்திக்கு ஒரு கோடி வரை, 15 சதவீத மானியம். அதற்கு மூன்று ஆண்டு கணக்குப் புத்தகமும் ஜிஎஸ்டி ரிட்டர்னும் கேட்பார்கள். ஆகவே முதல் நாள் விற்ற முதல் பாக்கெட்டிலிருந்தே பில் போட்டு வாருங்கள்.